பெயர்களைப் பொருத்தும் நிரல்

பெங்களூரில் ஆய்வு மாணவராக இருப்பதால், இளநிலை மாணவர்களின் நிரலாக்க வகுப்புக்கு உதவுவதும் என் பணிகளுள் ஒன்று. மாணவர்கள் பயிற்சிகளைக் கிட்ஹப்பில் இடுகிறார்கள். மதிப்பெண்ணோ கல்லூரி லாகினின் பெயரில் பதிவாக வேண்டும். இரண்டையும் இணைக்க ஒரு சிறு பைத்தான் நிரல் போதும் என்பார்கள். மொழியியல் படித்த எனக்கு இது முதலில் பெயர்களின் சிக்கலாகவே தெரிகிறது.

கிட்ஹப் பயனர்பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் மட்டுமே வரலாம். நீளம் 39 எழுத்துகளுக்கு மேல் போகாது. தமிழ்ப் பெயரும் கன்னடப் பெயரும் எழுத்து மாறியே அதற்குள் நுழைகின்றன. பெயர்களின் ஒற்றுமையை அளந்து இணைக்கலாமே என்று தோன்றும். சோவியத் கணிதவியலர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்த அளவை, ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணுகிறது. 'கார்த்திக்' என்பதில் தகரத்துக்குத் தெற்கே 'டி', 'எச்' இரண்டையும் இடுவோம். வடக்கே பெரும்பாலும் 'டி' மட்டும். இவ்விரண்டுக்கும் இடையே தொலைவு 1. கார்த்திக்குக்கும் கார்த்திகாவுக்கும் இடையிலும் அதே 1. முன்னது ஒரே பெயர். பின்னது வேறோர் ஆள்.

1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறையின் இன்றைய வடிவம், முதலெழுத்துக்குப் பின்வரும் உயிர்களையும் 'எச்' எழுத்தையும் விட்டுவிடுவதால் மூவருக்கும் ஒரே குறியீட்டைத் தருகிறது. கனிமொழியின் ழகரத்தை 'இசட்-எச்' என்றும் 'எல்' என்றும் எழுதினாலோ, ஒரே பெயரை அது இரண்டாகப் பிரிக்கிறது.

தலைப்பெழுத்து இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்து. சேர்க்கைப் படிவத்தின் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் அது விரிந்துவிட்டால், மாணவியின் லாகினில் தந்தை பெயரே முன்னிற்கும். அவளோ கிட்ஹப்பில் தன் பெயரோடு இருப்பாள்.

கமிட்டில் தெரியும் பெயரையும் மின்னஞ்சலையும் நம்பவும் இயலாது. கிட்டில் அவற்றை எழுதுபவரே அமைத்துக்கொள்ளலாம்.

ஆகவே எங்கள் நிரல் ஊகிப்பதில்லை. ஒவ்வொருவரின் கல்லூரி மின்னஞ்சலுக்கும் ஒருமுறை மட்டும் செல்லும் குறிச்சொல்லை அனுப்புகிறது. மாணவர் அதைத் தம் கணக்கிலுள்ள களஞ்சியம் ஒன்றில் இட்டு, அதன் முகவரியைக் கல்லூரி லாகின் வழியே தருகிறார். நிரல் அதைச் சரிபார்த்து, பயனர்பெயரோடு கணக்கின் எண் அடையாளத்தையும் குறித்துக்கொள்கிறது. பயனர்பெயரை மாற்றிக்கொண்டாலும் அந்த எண் மாறாது. பதிலளிக்காதவரின் இடம் காலியாகவே இருக்கும்; அவரிடம் நேரில் கேட்கிறோம். காலியிடம் ஒரு மின்னஞ்சலில் தீரும். தவறான பொருத்தமோ ஒருவரின் உழைப்பை ஓசையின்றி மற்றொருவர் கணக்கில் எழுதிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சிலர் வேண்டுமென்றே புனைபெயரில் இருக்கிறார்கள். நம் நாட்டில் ஒரு பெயர் பாலையும் மதத்தையும், பல வேளைகளில் சாதியையும் சொல்லிவிடும். அவற்றைச் சொல்லாமல் நிரல் எழுத விரும்புவது நியாயமான விருப்பம். நாம் உருவாக்கும் இணைப்புப் பட்டியல் அத்திரையை ஒரே வரியில் விலக்கவல்லது. ஆதலால் அது பொதுக் களஞ்சியத்தில் இருக்கக்கூடாது. பருவம் முடிந்து மதிப்பெண் உறுதியானதும் அழிக்கப்பட வேண்டும்.

உதவி ஆசிரியப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாணவர் யார் என்பதை மாணவரையே சொல்லவிடுங்கள்.