மீன் மார்க்கெட்டுக்கு எட்டாத வீடு

சென்னையில் தீவுத்திடல் பக்கம், கூவத்தின் கரையில், சத்தியவாணிமுத்து நகர் இருந்தது. மாநில அமைச்சராகவும் 1979-இல் மத்திய அமைச்சராகவும் இருந்த அம்மையாரின் பெயர். நான் பிறந்தது அங்கேதான். நர்சிங் படித்து அயர்லாந்துக்கு வேலைக்குப் போனேன். 2019 டிசம்பர் கடைசியில், பள்ளிக்கூட வருஷத்தின் நடுவிலே, கூவத்தைச் சீரமைப்பதற்காக வீடுகளை இடித்து, சனங்களைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தவள் போய் இறங்கியது, நான் பார்த்தேயிராத அந்த ஊரில்.

வரிசை வரிசையாக எட்டடுக்குக் கட்டடங்கள். என் சித்தியின் வீடு மேல் மாடியில். உள்ளேயே கக்கூஸ், ஒழுகாத கூரை. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது; பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று வளர்ந்த பெண் நான். "லிஃப்ட் நின்னுச்சுன்னா நான் கீழயே எறங்க மாட்டேன் பாப்பா" என்றாள் சித்தி.

அவள் மீன் விற்றவள். விடியுமுன் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்கு நடந்துபோய்க் கூடை எடுப்பாள். வெயில் ஏறுமுன் விற்றுத் தீர்ப்பாள். எந்த வீட்டில் சங்கரா கேட்பார்கள், யார் சம்பளம் வந்ததும் பாக்கி தருவார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தப் பழக்கம்தான் அவள் போட்ட முதல். பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நல்ல மீன் போய்விட்டிருக்கும். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பெரிய உதவி அது. ஆனால் சேர வேண்டிய நேரத்துக்குச் சேர முடியாதே! இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஆபீஸில் தரை துடைக்கிறாள்.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. மெரினா பக்கத்துக் குடியிருப்புகளைப் பார்த்தால் தெரியும். 2000-த்தை ஒட்டி அந்த வழக்கம் மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று, எங்கே நிலம் கிடைத்ததோ அங்கே வீடு. ஆற்றோரம் வெள்ளம் வரும் என்று கிளப்பப்பட்டவர்கள் வந்து சேர்ந்ததோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு. பெருமழைக்கு அங்கேயும் முழங்கால் தண்ணீர்தான். வீடு கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. வேலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடை தூரத்தில் இருந்தவர்களை இத்தனை தொலைவு கொண்டுவந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சித்தியும் அதே மாடியில் இருக்கும் இரண்டு பெண்களும் சேர்ந்து, ஷேர் ஆட்டோ பேசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வருகிறார்கள். கட்டடத்தின் கீழே உட்கார்ந்து விற்க ஓர் இடம் ஒதுக்கித் தரச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.