தான் ஹா: இருவர் வனையும் பானை

ஹோய் ஆன் பழைய நகரத்துக்கு மேற்கே சுமார் 3 கிலோமீட்டரில், தூ போன் ஆற்றங்கரையில் இருக்கிறது தான் ஹா என்னும் குயவர் ஊர். மத்திய வியட்நாமில் குவாங் நாம் மாகாணத்தோடு இருந்த இந்தப் பகுதி, 2025 ஜூலை முதல் டா நாங் மாநகரோடு இணைக்கப்பட்டுவிட்டது. காலையில் பழைய நகரம், பிற்பகலில் தான் ஹா என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். சைக்கிளில் போகிறவர்கள் உண்டு. ஆற்றில் படகும் உண்டு. இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது. நகரத்தின் கூரைகளை முதலில் அண்ணாந்து பார்த்தவருக்குத்தான் ஆற்றங்கரை மண்ணின் மதிப்பு தெரியும்.

ஹோய் ஆன் 15 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை பெரிய துறைமுகம். சீனரும் ஜப்பானியரும் இங்கே குடியிருந்து வணிகம் செய்தார்கள். ஜப்பானியர் பாலம் என்று இன்றும் அழைக்கப்படும் கூரை வேய்ந்த பாலம் அந்தக் காலத்தின் மிச்சம்; 20,000 டோங் நோட்டிலும் அதன் படம் உண்டு. பிறகு ஆற்றில் மண் மேடிட்டது, கப்பல்கள் டா நாங்குக்குப் போயின. இடித்துக் கட்டப் பணம் புழங்காத ஊரில் பழைய வீடுகள் அப்படியே நின்றன. அப்படி நின்றதாலேயே 1999இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தெருவில் தொங்கும் பட்டு விளக்குகளைப் படம் எடுப்பவர்கள், அவற்றுக்கு மேலே இருக்கும் ஓடுகளைக் கவனிப்பதில்லை. ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்த வரிசை கவிழ்ந்தும், நம்மூர் நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போலவே இருக்கும். வியட்நாமியர் இதை யின்-யாங் ஓடு என்கிறார்கள். தான் ஹா சூளைகளின் பழைய பிழைப்பில் பானை சட்டியோடு இந்த ஓடும் செங்கல்லும் அடங்கும்.

ஆறு மண்ணைக் கொடுக்கும். சில வருடங்களில் வீட்டுக்குள்ளும் வரும். பழைய நகரத்தின் தான் கீ வீட்டில், வெள்ளம் ஏறிய அளவை ஆண்டு வாரியாகச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். 1964 வெள்ளம் அவற்றில் ஒன்று.

தான் ஹாவின் முன்னோர் வடக்கே தான் ஹோவா முதலிய மாகாணங்களிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தெற்கே வந்து குடியேறியவர்கள். தொழிலின் முன்னோருக்கு ஊரில் நாம் ஸ்யூ என்ற கோயில் உண்டு. சந்திர நாட்காட்டியின் முதல் மாதத்தில் அங்கே படையல் போடுகிறார்கள்.

ஆற்றங்கரைப் பழுப்புக் களிமண்தான் மூலப்பொருள். அதை நீர் விட்டு ஊற வைத்து, மிதித்து, மண்வெட்டியால் கொத்திப் புரட்டுகிறார்கள். கம்பியால் அரிந்து அரிந்து கல்லும் வேரும் பொறுக்குகிறார்கள். ஒரு சிறு கல் தங்கினாலும் வனையும்போது விரலைக் கிழிக்கும். அல்லது சூளையில் பானை அந்த இடத்தில் விரியும். மண் பதப்பட்டதும் காயாமல் மூடி வைக்கிறார்கள்.

அடுத்தது சக்கரம். தான் ஹாவின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. சக்கரம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. பழைய முறைப்படி அதில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒருத்தி ஒற்றைக் காலில் நின்று, மறுபாதத்தால் சக்கரத்தின் விளிம்பைத் தள்ளித் தள்ளிச் சுழற்றுகிறாள். அவள் கைகளும் சும்மா இல்லை. களிமண்ணை உருட்டி, முறுக்குப் பிழிந்ததுபோல் நீளமான திரியாக்கி, கீழே உட்கார்ந்திருப்பவளிடம் நீட்டுகின்றன. உட்கார்ந்தவள் திரியை அடிப்பாகத்தின் மேல் வளையமாகச் சுற்றி வைத்து, விரலால் அழுத்தி ஒட்டுகிறாள். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. சுவர் எழும்புகிறது. கடைசியில் ஈரத்துணியை வாய்விளிம்பில் பிடித்தால், இரண்டு சுற்றில் அது வழவழப்பாகிவிடுகிறது. நூலால் அடியை அறுத்துப் பலகைக்கு மாற்றுகிறார்கள்.

திரி ஒட்டும்போது சக்கரம் நிதானமாகச் சுற்ற வேண்டும். வாய் இழுக்கும்போது வேகம் வேண்டும். இதை நிற்பவள் பார்த்துச் செய்கிறாள், உட்கார்ந்தவள் சொல்வதில்லை. சுற்றுலாப் படங்களில் வனையும் கைகள்தான் இருக்கின்றன. உதைக்கும் கால் படத்துக்கு வெளியே போய்விடுகிறது. பானையின் பாதி அந்தக் காலில் இருக்கிறது என்பதை அறிய நண்பரோடு போவது உதவும். வருகிறவர்களைச் சக்கரத்தில் உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். ஒருவர் வனைய, மற்றவர் உதைத்துப் பார்த்தால், சுழற்சி சீராக வராமல் பானை ஒருபக்கமாகச் சாய்வதற்குச் சில நொடிகள் போதும்.

இந்த இடத்தில் தெற்கே சாம் மக்களின் பாவ் ட்ருக் ஊரையும் சொல்ல வேண்டும். அங்கே சக்கரமே கிடையாது. பானை அசையாமல் இருக்க, வனையும் பெண் அதைச் சுற்றிப் பின்னோக்கி நடக்கிறாள். சுடுவதும் சூளையில் இல்லை, திறந்த வெளியில். சாம் மக்களின் மட்பாண்டக் கலையை 2022இல் யுனெஸ்கோ, உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரே நாட்டில் ஒரு ஊரில் சக்கரம் சுற்றுகிறது, இன்னொரு ஊரில் ஆள் சுற்றுகிறார்.

வனைந்தவை வெயிலில் நன்றாகக் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் சூடேறும்போது நீராவி பானையை உடைக்கும். அதனால் ஆண்டின் கடைசி மாதங்களில், இந்தக் கரையின் மழைக்காலத்தில், வேலை இழுத்தடிக்கும். விறகுச் சூளையில் முதலில் மந்தமான தீ, பிறகு படிப்படியாக வெப்பம். தீ அணைந்தபின் சூளை தானாக ஆறும்வரை கை வைப்பதில்லை. தான் ஹா பாண்டங்களுக்கு மெருகுப் பூச்சு கிடையாது. இளஞ்சிவப்பு, செங்கல் நிறம், பழுப்பு, கறுப்பு என்று எது வரும் என்பதைச் சூட்டின் அளவும் சூளையில் பானை இருந்த இடமும் முடிவு செய்கின்றன.

தண்ணீர்ச் சாடி, அடுக்களைச் சட்டி, செங்கல், ஓடு என்று ஒருகாலத்தில் இந்த ஊர் செய்ததெல்லாம் வீட்டுக்குத் தேவையானவை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தபின் அந்தச் சந்தை சுருங்கியது. ஊரைத் தாங்கிப் பிடித்தது சுற்றுலா. 2015இல் இங்கே மட்பாண்டப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. தாஜ்மகால் முதலிய கட்டடங்களைச் சுட்ட மண்ணில் சிறிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். 2019இல் தான் ஹா மட்பாண்டத் தொழில் வியட்நாமின் தேசிய மரபுப் பட்டியலில் ஏறியது. பூங்காவுக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, சந்துகளில் உள்ள வீட்டுப் பட்டறைகளுக்குக் கொடுப்பதே மேல். ஆனால் பட்டறைகளிலும் அளவு மாறிவிட்டது. இடுப்பளவு சாடிகள் குறைந்து, பயணப் பையில் அடங்கும் விளக்குக் கூடுகளும் பொம்மைகளும் பெருகியிருக்கின்றன. சிறு பொருளுக்கு இரண்டாவது ஆள் தேவைப்படுவதில்லை. இருவர் வனையும் முறைக்கு ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது.

நுழைவுச் சீட்டு வாங்கியவர்களுக்குத் திரும்பும்போது தோ ஹே என்ற சிறு மண் ஊதல் ஒன்றைக் கொடுக்கிறார்கள். ராசி விலங்குகளின் உருவில் செய்தவை. நண்பர் இருவரும் ஆளுக்கொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். சீன ராசியின் முயலைத் தேட வேண்டாம்; வியட்நாமியருக்கு அந்த இடத்தில் இருப்பது பூனை.