டிகிரி வாங்கிய காபி!

சுவாமிமலை முருகனைப் பார்க்க அறுபது படி ஏற வேண்டும். தமிழ் வருஷங்கள் அறுபதும் படிகளாக இருப்பதாக ஐதீகம். ஆபீஸ் நாற்காலியில் தேய்ந்த என் முழங்கால், முப்பதாவது வருஷத்திலேயே ரிட்டயர்மென்ட் கேட்டது!

அப்பனுக்கே பாடம் சொன்ன சுவாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால், எனக்குப் பாடம் சொல்லக் காபிக் கடையில் ஒரு பெரியவர் காத்திருந்தார்.

"கும்பகோணம் டிகிரி காபி ஒண்ணு."

"வர்ற வழியில எத்தனை குடிச்சீங்க சார்?"

மூணு என்ற உண்மையை ஒப்புக்கொண்டேன். சென்னையிலிருந்து நெடுஞ்சாலை முழுக்க அந்த போர்டுதான். பித்தளை டபரா பளபளத்தது. உள்ளே இருந்ததோ வெந்நீருக்கு அண்ணன்!

"டபரா பளபளத்து என்ன பிரயோஜனம்? லாக்டோமீட்டர்னு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. நல்ல பால்ல மிதக்கும். தண்ணி கலந்தா இறங்கிடும். அதுல தேறின பால்தான் டிகிரி பால்" என்றார். (சிக்கரிதான் மருவி டிகிரி ஆனது என்பாரும் உண்டு.)

யோசித்தேன். காபிக் கொட்டை காவிரிக் கரையில் விளைவதில்லை. கூர்க், சிக்மகளூர் மலைச்சரக்கு. இந்த ஊர்ச் சொத்து என்றால், வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத வயக்காட்டுப் பசுவின் பால்தான்.

இத்தாலியில் வெரோனா பக்கம் சோவாவே என்று இனிப்பில்லாத ஒரு வெள்ளை ஒயின். கார்கானேகா என்ற திராட்சை அதற்கு உயிர். அந்த வட்டாரத்தில் விளைந்தால்தான் அந்தப் பெயர் என்று 1968-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம்மிடமும் காவிரி வண்டல் மண்ணில் அச்செடுக்கும் சுவாமிமலைச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கும் 2025-ல் கிடைத்தது. காபியின் பெயரை மட்டும் கண்ட இடத்தில் மாட்டுகிறார்கள்.

"காபிக்கும் சட்டம் வரணும் பெரியவரே!"

"வரட்டும் சார். ஆனா தண்ணி கலக்கறவன் இந்த ஊர்லேயும் கலக்கலாமே? சட்டம் பேரைத்தான் காப்பாத்தும். பாலை நாமதான் காப்பாத்தணும்."

நுரை ததும்பக் காபி வந்தது. முதல் வாய் கசந்தது, அடுத்தது இனித்தது, மூன்றாவதில் முழங்கால் வலி மறந்தது.

நானும் டிகிரி வாங்கியவன்தான் சார். நல்லவேளை, இதுவரை யாரும் எனக்கு லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் அடிமட்டம் வரை போய்விடும்!