லொட்ஜ் அறைக்காரரின் வாக்கு

2007 ஜூன் 7, விடியப்புறம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளின் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். கையில் அடையாள அட்டை இருந்தும், கொழும்பில் தங்குவதற்குத் 'தகுந்த காரணம்' இல்லையென்று சொல்லி, 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். சொந்த நாட்டில் தங்குவதற்குக் காரணம் வேண்டுமாம்! மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

அதை மறக்காதவர்கள்தான் 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் அதே ஆட்சியை எதிர்த்து நின்ற மைத்திரிபால சிறிசேனவுக்கு வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அது ஆளுக்காக விழுந்த வாக்கல்ல. ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் பயமில்லாமல் காலி வீதியில் நடப்பதற்காக விழுந்தது.

பலன் இல்லாமலில்லை. 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது, தகவல் அறியும் உரிமை அடிப்படை உரிமையானது. ஆனால் அதே சிறிசேன 2018 இல் நாடாளுமன்றத்தையே கலைத்தார். அது சட்டவிரோதமென்று உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்துவைக்க இடம்தந்த, 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ அவர் வீட்டுக்குப் போகும்போதும் அப்படியே இருந்தது.

அந்தச் சட்டத்தை நீக்குவதாக 2024 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவும் வாக்குறுதி கொடுத்தார். இனி உரிமை பேசிக்கொண்டு வாக்குக் கேட்டு வருபவரிடம், எந்தத் திகதிக்குள் நீக்குவீர்கள் என்று கேளுங்கள்.