வண்டியை இறக்கணுமா, தரையை ஏத்தணுமா?

டிஸ்கி: கார் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம். கையில ஒரு டீயோட வரவும்.

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டல. ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல ஒரே ஒரு விஷயத்தைப் போட்டு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். என் காருக்கு ஏர் சஸ்பென்ஷன் மாட்டலாமா, வேணாமா?

தெரியாதவங்களுக்கு: சாதாரண கார்ல சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல இரும்பு காயில் ஸ்பிரிங் இருக்கும். அதைக் கழட்டிட்டு ரப்பர் பை ஒண்ணை வைக்கணும். டிக்கியில ஒரு கம்ப்ரஸர், ஒரு காத்து டேங்க். அங்கிருந்து நாலு பைக்கும் குழாய், வால்வு, கூடவே ஒரு கன்ட்ரோலர். பட்டனைத் தட்டினா காத்து உள்ள போய் வண்டி எழுந்து நிக்கும். இன்னொரு பட்டன், "புஸ்ஸ்"னு சத்தம், வண்டி தரையோட உக்காந்துடும்.

இப்போ கொசுவத்தி சுத்திக்குங்க. காலேஜ் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல் ரூம், ஒரு லேப்டாப்பைச் சுத்தி ஏழு பேர். வீடியோவுல ஒரு கார் வந்து நிக்குது, புஸ்ஸ்னு உக்காருது. அவ்ளோதான். யாரும் பேசல. அன்னைக்கு முடிவு பண்ணேன், சம்பாதிச்சு கார் வாங்கினா இது இருக்கணும்னு.

இது ஒண்ணும் புதுச் சரக்கு இல்ல. 1955ல பாரிஸ் மோட்டார் ஷோவுல சிட்ரோயன் டிஎஸ் வந்தப்பவே உயரத்தை மாத்துற வசதி இருந்துச்சு. அதுல எண்ணெயும் வாயுவும் சேர்ந்து வேலை செஞ்சது. 1957ல காடிலாக் எல்டொராடோ ப்ரோம் காத்துப் பையோடவே வந்துச்சு. நம்ம நாட்டுல 2001ல வால்வோ பஸ் வந்தப்போ "என்னய்யா, தூங்கிட்டே போலாம் போல"ன்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டோமே, அதுலயும் காத்துப் பை தான். சென்னையில 2024ல விட்ட தாழ்தளப் பஸ், நிறுத்தத்துல வந்ததும் ஒரு பக்கமா சாஞ்சு குனியும். வயசானவங்க ஏற வசதிக்கு.

அந்தக் கடைசி வரியில தான் நான் மாட்டினேன்.

எங்க வீடு கேத்தியில. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவுல, பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி. அப்பா எல்லநள்ளி ஊசி கம்பெனியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். போன தை மாசம் அவருக்கு வலது முட்டி மாத்து ஆபரேஷன். அதுக்கப்புறம் வாரத்துல மூணு நாள் குன்னூருக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு நாள் எனக்கு கோயமுத்தூர் ஆபீஸ். மிச்ச நாள் அம்மாவோட கடை கண்ணி. ஆக என் ஸ்விஃப்ட் தினமும் ஓடுற வண்டி.

ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, மெயின் ரோட்ல இருந்து வீட்டுக்கு இறங்குற பாதை. கேரட் லோடு ஏத்துற பிக்கப் வண்டிங்க போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளமாயி நடுவுல மேடு. மழை பெஞ்சா மேட்டுல கல்லு தலைதூக்கும். 163 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள வண்டி அந்தக் கல்லை முத்தம் குடுக்காம போகாது. வண்டி மேல தப்பே இல்ல, பாதை அப்படி.

ரெண்டாவது, அப்பா. முன் சீட்டுல ஏறி உக்கார்றதுக்குள்ள முகம் சுருங்கிடும். வலிக்குதான்னு கேட்டா "இல்லடா"ன்னு சொல்வாரு. ஆனா கை, கதவுப் பிடியை இறுக்கிப் பிடிச்சிருக்கும்.

பார்த்தேன். பாதைக்கு வண்டியை ஏத்திக்கலாம். அப்பாவுக்கு பஸ் மாதிரி இறக்கிக்கலாம். பத்து வருஷக் கனவுக்கு காரணம் கிடைச்சாச்சு!

கோயமுத்தூர்ல ஒரு மாடிஃபிகேஷன் கடைக்குப் போனேன். ஃபிட்டிங்கோட சேர்த்து மூணே கால் லட்சம்னாரு. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டிக்கு அது பாதி விலை. "எவ்ளோ ஏத்தலாம்ணே?" "நார்மல்ல இருந்து ரெண்டு இன்ச் ஏத்தலாம், மூணு மூணரை இறக்கலாம் தம்பி. இறக்கத்தானே எல்லாரும் மாட்டுறாங்க." டிக்கி பத்தி கேட்டேன். இருக்குறதே 268 லிட்டர். அதுல டேங்கும் கம்ப்ரஸரும் போனா அம்மாவோட உருளைக்கிழங்கு மூட்டை எங்க போகும்? "பின் சீட்டுல வச்சுக்கலாம் தம்பி." அட்வான்ஸ் மட்டும் குடுக்காம வந்துட்டேன். மனசு மட்டும் அங்கேயே இருந்துச்சு.

அடுத்து மாமாகிட்ட கேட்டேன். அம்மாவோட தம்பி, பஸ் டிரைவர், மலைப்பாதையில முப்பது வருஷம். "ஏன் மாப்ள, காத்து டேங்க்ல தண்ணி எடுத்து விடுவியா?"ன்னாரு. எனக்குப் புரியல. காத்தை அழுத்தினா அதுல இருக்குற ஈரம் தண்ணியா டேங்க் அடியில தங்கும். ஏர் பிரேக் வண்டிங்கள்ல அதை ஒழுங்கா வடிச்சு விட்டாகணும். கேத்தியில டிசம்பர், ஜனவரி வந்தா புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கும். டேங்க்ல தங்கின தண்ணி வால்வுலயோ குழாய்லயோ போய் உறைஞ்சா? கம்பெனியிலயே ஏர் சஸ்பென்ஷனோட வர்ற வண்டியில ஈரத்தை உறிஞ்ச டிரையர் இருக்கும். வெளிய மாட்டுற கிட்ல அதை நாம தான் கேட்டு வாங்கணும், நாம தான் பராமரிக்கணும்.

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். (பொறியாளர் புத்தி!) கோயமுத்தூர்ல 30 டிகிரியில பையில இருக்குற காத்து, ராத்திரி கேத்தியில 5 டிகிரிக்கு வந்தா, அதே எடையைத் தாங்கிட்டு இருக்கும்போது கன அளவு கிட்டத்தட்ட 8 சதவீதம் சுருங்கும். மேல ஏற ஏற வெளிக்காத்து அழுத்தம் குறையுறதால அதுல கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனா மொத்தத்துல காலையில வண்டி கொஞ்சம் உக்காந்து தான் இருக்கும். கம்ப்ரஸர் ஓடி சரி பண்ணிக்கும், பெரிய விஷயம் இல்ல. ஆனா என் வேலையில தினமும் பாக்குறது இது தான்: ஒரு சிஸ்டத்துல புதுசா எதைச் சேர்த்தாலும் அது கூடவே உடையுறதுக்கான வழிகளும் சேரும். காயில் ஸ்பிரிங் பலவீனமானா மெதுவா தொய்யும், மாசக்கணக்குல தெரியும். ஒரு பை ஓட்டையாச்சுன்னா அந்த மூலை அப்பவே உக்காந்துடும். மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில 14 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி பதினொரு மணிக்கு, மூடுபனியில, ஏழாவது வளைவுல அது நடந்தா? ஆபீஸ்ல சர்வர் விழுந்தா ரீஸ்டார்ட் பண்ணலாம்...

இன்னொண்ணு. வீல் அலைன்மென்ட் ஒரு உயரத்துக்குத் தான் செட் பண்றாங்க. உயரத்தை மாத்தினா சக்கரத்தோட சாய்வும் மாறும். எப்பவும் இறக்கியே ஓட்டினா டயரோட உள்பக்கம் தேயும். ஏத்தியே ஓட்டினா வளைவுல வண்டி அதிகமா சாயும். வீடியோவுல இதெல்லாம் காட்ட மாட்டாங்க :)

சட்டம்னு ஒண்ணு இருக்கே. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தின ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம மாத்திட்டு, நாளைக்கு க்ளெய்ம்னு போய் நின்னா வேற தலைவலி.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகும் மனசு மாறலைங்க. ஏன்னா என்கிட்ட ஒரு பிரம்மாஸ்திரம் இருந்துச்சு. "இது எனக்காக இல்ல, அப்பாவுக்காக."

அந்த அஸ்திரத்தை முறிச்சது பிசியோதெரபி பண்ற அக்கா. ஒருநாள் பெருமையா சொன்னேன், அப்பா ஏற வசதியா காரை இறக்குற மாதிரி பண்ணப் போறேன்னு. அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "இறக்கப் போறீங்களா? சீட்டு தாழ்வா இருக்குறது தாங்க அவருக்குப் பிரச்சனையே! தாழ்வா இருந்தா முட்டி இன்னும் மடங்கணும். சீட்டு உயரமா இருக்கணும்."

அப்படியே நின்னுட்டேன். பஸ்ஸுல படி ஏறணும், அதனால அது குனியுது. கார்ல ஏறுறது இல்ல, உக்கார்றது. ரெண்டும் நேர் எதிர் வேலை. நான் நாலு மாசமா ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். டேங்க் எத்தனை லிட்டர், வால்வு எந்த வகைன்னு விரல் நுனியில வச்சிருக்கேன். அப்பாவோட முட்டி எப்படி மடங்குதுன்னு ஒரு தடவை கூட குனிஞ்சு பாக்கல. மூணே கால் லட்சம் செலவு பண்ணி, மூணரை இன்ச் தப்பான பக்கம் போயிருப்பேன்.

அவங்களே வழியும் சொன்னாங்க. சீட்டை முழுசா பின்னால தள்ளி, கொஞ்சம் சாய்ச்சு வைங்க. கெட்டியான குஷன் ஒண்ணு போடுங்க. மேல ஒரு பிளாஸ்டிக் பை விரிச்சா வழுக்கிட்டுத் திரும்ப சுலபம். முதல்ல முதுகைக் காட்டி உக்காரணும், அப்புறம் ரெண்டு காலையும் உள்ள எடுக்கணும். முக்கியமா, நடைபாதை ஓரமா ஒட்டி நிறுத்தாதீங்க. அவர் மேட்டுல நின்னா சீட்டு இன்னும் தாழ்ந்துடும்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். விலை உட்பட. அவர் திட்டல. கொஞ்ச நேரம் காரையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு:

"டேய் தம்பி, வண்டியை ஏன்டா ஏத்துற? அது நிக்கிற தரையை ஏத்து."

எங்க மலை ரயிலே அப்படித் தானே? கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் ஏத்தம் கடுமை, அங்க தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்சிருக்காங்க. குன்னூருக்கு மேல, எங்க கேத்தி ஸ்டேஷன் வழியா ஊட்டி வரைக்கும் பல் கிடையாது. எங்க தேவையோ அங்க மட்டும். தினமும் அந்த ரயில் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது தோணல பாருங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை கொத்தனார் வந்தாரு. முற்றத்துல சக்கரம் நிக்கிற இடத்துக்கு மட்டும் ரெண்டு சிமெண்ட் பட்டை, நாலு இன்ச் உயரம், ஏற ஒரு சரிவு, வண்டி தாண்டிப் போகாம இருக்க முன்னால ஒரு தடுப்பு. அப்பா நாற்காலியில உக்காந்துட்டு ரசமட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு மேஸ்திரி வேலை பார்த்தாரு. ஊசி கம்பெனி ஆளு இல்லையா, நூல் அளவு பிசகினா விடல. கொத்தனார் என்னைப் பார்த்து தலையில அடிச்சுக்கிட்டாரு :) ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா அவ்ளோ சத்தமா பேசி அன்னைக்குத் தான் கேட்டேன்.

பாதையில இருந்த கல்லை நானும் பக்கத்து தோட்டத்து அண்ணனும் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தோம். பள்ளத்துக்கு ரெண்டு லோடு ஜல்லி, தெருவுல எல்லாரும் பங்கு போட்டோம். மொத்தச் செலவு, குஷனோட சேர்த்து, கடைக்காரர் கேட்ட அட்வான்ஸை விடக் கம்மி.

இப்போ அப்பா முற்றத்துல நின்னு, திரும்பி, உக்காந்து, காலை உள்ள எடுத்து, தானே கதவைச் சாத்திக்கிறாரு. நான் கை குடுக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறம் "போலாம்"னு ஒரு வார்த்தை. அந்த "போலாம்" ஆபரேஷனுக்கு முன்னால இருந்த அப்பாவோடது.

உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு அந்தப் புஸ்ஸ் சத்தம் பிடிச்சிருந்துச்சு, இப்பவும் பிடிச்சிருக்கு. ஆசைப்படுறதுல தப்பு இல்ல. என் ஆசைக்கான ரிக்வயர்மென்ட் டாக்குமெண்ட்ல அப்பா பேரை எழுதினேன் பாருங்க, அது தான் தப்பு. என்னைக்காவது வாங்கினா, கம்பெனியிலயே அதோட வர்ற வண்டியா வாங்கணும். அன்னைக்கு "எனக்காக"ன்னு சொல்லியே வாங்கணும்.

பி.கு: சிமெண்ட் காயுறதுக்குள்ள எங்க தெரு நாய் அது மேல நாலு அடி நடந்துட்டுப் போயிடுச்சு. அப்பா அதை மூட வேணாம்னுட்டாரு. வண்டி தினமும் அந்தக் காலடி மேல தான் நிக்குது.