மணிக்கு எத்தனை கிலோ?

இயந்திரம் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மணிக்கு எத்தனை கிலோ?" விலையைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூலியும் கரண்டும் நேரமும் கையைக் கடிக்கிறபோது வேறு எதைக் கேட்பது? ஆனால் பண்ணைக் கருவிகள் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, அந்த எண் கடைசியில் வர வேண்டியது. ஓடுகிற உமி நீக்கும் இயந்திரத்தின் எதிரே நிற்கும்போது என் கண் அரிசி விழும் வாய்க்குப் போகாது, உமி பறக்கும் வாய்க்குத்தான் போகும். ஒரு கருவி என்ன தருகிறது என்பதை வாங்குகிறவரே பார்த்துக்கொள்வார். எதை உடைக்கிறது, எதை விட்டுவைக்கிறது, எதை வெளியே தள்ளுகிறது என்பதைச் செய்தவன் தேடிப் பார்க்க வேண்டும். சோதனை என்று நான் சொல்வது அந்தத் தேடலைத்தான்.

பட்டறை கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இருக்கிறது. 2024 ஜூன் மாதம் விஷச்சாராயம் இந்தப் பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது ஊர்ப்பெயர் நாடு முழுவதும் கேட்டது. இறந்தவர்களில் பலர் அன்றாடக் கூலிக்காரர்கள், மூட்டை தூக்கியும் மண் வெட்டியும் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். ஒரு கருவியின் உயரத்தைத் தீர்மானிக்கும்போதும், கைப்பிடியின் கனத்தைத் தீர்மானிக்கும்போதும் அந்த உடம்புகள் என் நினைவில் இருக்கும். அதற்கு மேல் அதைப்பற்றி இங்கே சொல்வதற்கில்லை.

எங்களுக்கு வேலை மூன்று பக்கமிருந்து வரும். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருப்பதால் கரும்பு. சின்னசேலம் பக்கம் மரவள்ளி. மலையேறினால் சாமை. மூன்றில் என்னை அதிகம் படுத்தியதும் அதிகம் கற்றுக்கொடுத்ததும் சாமைதான்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் சாமை என்றால் பழைய ஆட்களுக்கு முகம் மலரும். ஆனால் விளைவித்த வீட்டிலேயே ரேஷன் அரிசிதான் உலையில் வேகும். காரணம் ருசி அல்ல, உமி. சாமையைத் திருகையில் இட்டுச் சுற்றி, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் ஒரு பெண்ணின் பொழுதில் பாதி போய்விடும். அதனால் சாமை அப்படியே மூட்டையாகக் கீழே இறங்கிவிடும். அரிசியாகி, பாக்கெட்டில் ஏறி, பட்டணத்துக் கடையில் பல மடங்கு விலையில் நிற்கும்.

நெல் மில்லில் கொண்டுபோய்ப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். நெல் மில்லில் இரண்டு ரப்பர் உருளைகள் வேறு வேறு வேகத்தில் சுற்றும், நடுவில் மாட்டுகிற நெல்லின் உமி உரிந்துவிடும். நெல் நீளமான மணி, உமி அரிசியை விட்டு ஓரளவு விலகியே இருக்கும். சாமையோ சின்ன உருண்டை மணி, ஒரு கிலோவில் ஏறத்தாழ நான்கு லட்சம் இருக்கும். உமி கெட்டியாக, வழுவழுவென்று அரிசியை ஒட்டிப் பிடித்திருக்கும். உருளைகளை அந்த அளவுக்கு நெருக்கினால் ரப்பர்தான் தேயும். எமரிக் கல்லில் தேய்த்தெடுக்கலாம்தான். ஆனால் உமியோடு தவிடும் போய், சத்தெல்லாம் மாட்டுத் தொட்டிக்குச் சேர்ந்துவிடும்.

மிச்சமிருப்பது எறிந்து உடைக்கும் வழி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பொறியாளர்கள் இந்த வழியில் சிறுதானியங்களுக்கு உமி நீக்கும் இயந்திரம் உருவாக்கினார்கள். மதுரை தானம் அறக்கட்டளை கனடா நாட்டு உதவியோடு 2011-இல் தொடங்கிய சிறுதானியத் திட்டம், கிராமத்துக்கேற்ற சிறு இயந்திரங்களில் தனிக் கவனம் வைத்தது. எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் அந்தப் பாதையில் நடப்பவர்கள். தத்துவம் எளிமையானது. வேகமாகச் சுற்றும் தட்டின் நடுவில் தானியம் விழும்; கவணில் கல் விடுவது மாதிரி தட்டு அதை வெளியே வீசும்; சுற்றியுள்ள வளையத்தில் மோதியதும் உமி வெடித்துப் பிரியும்; புளோயர் காற்று உமியை இழுத்துக்கொள்ளும்.

முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் ஓரம் விநாடிக்கு 47 மீட்டர் போகும், அதாவது மணிக்கு 170 கிலோமீட்டர். மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே சுற்று 10 விழுக்காடு ஏறினால் அடி 21 விழுக்காடு ஏறும். குறைந்தால் உமி பிரியாது, கூடினால் அரிசி குருணையாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகியது. அதுவும் ஓரிடத்தில் நிற்காது, தானியத்தின் ஈரத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். ஈரம் இருந்தால் உமி தோலாக வளைந்து கொடுக்கும், அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரிசியே நொறுங்கும். பத்திலிருந்து பன்னிரண்டு விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஈரமானி வைத்திருக்கிறேன். இருந்தாலும் மூட்டையைப் பிரித்ததும் முதலில் சில மணிகளை முன்பல்லில் வைத்துக் கடிப்பேன். 'டக்' என்று பிளந்தால் ஓட்டலாம், நசுங்கினால் களத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இது மலையிலிருக்கிற பாட்டிமார்களிடம் கற்றது.

இப்போது சோதனை. இயந்திரம் சீராக ஓட ஆரம்பித்த பிறகு அரிசி வாயில் 100 கிராம் பிடிப்பேன். எவர்சில்வர் தட்டில் பரப்பி, முழு அரிசி, குருணை, உமியோடு நிற்கிற மணி, கல் என்று நான்கு குவியலாகப் பிரித்து நகைத் தராசில் நிறுப்பேன். உமியோடு நிற்பது ஒரு விழுக்காடுதானே என்று விட முடியாது. ஒரு கிலோவுக்கு நாலாயிரம் மணி என்று கணக்குப் போட்டால் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரியும், ஒவ்வொரு கவளத்திலும் பல்லில் நறநறக்கும். அடுத்தது உமி வாய். பறந்து வந்த உமியில் இரண்டு கைப்பிடி எடுத்து ஒரு குண்டான் தண்ணீரில் போட்டுக் கலக்குவேன். உமி மிதக்கும், அரிசி அடியில் போய் உட்காரும். தண்ணீரை இறுத்துவிட்டு அடியில் படிந்ததைப் பார்த்தால், புளோயர் எவ்வளவு அரிசியைத் திருடுகிறது என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும். காற்றுக் கதவை ஒரு விரல் அளவு மூடி, மறுபடி பிடித்து, மறுபடி கலக்க வேண்டும். கதவை அதிகம் மூடினால் அரிசியில் உமி தங்கும். இரண்டு வாயையும் ஒரே நேரத்தில் பார்க்காதவரை இது சரிப்படாது.

உமி போகாத மணியைப் பிரித்துத் திரும்பப் போடுவது தனி வித்தை. முழுவதையும் இரண்டாம் முறை ஓட்டுவதே சுலபம். ஆனால் ஏற்கெனவே உரிந்த அரிசி இரண்டாம் அடியில் உடையும். உடைந்த அரிசியில் தவிட்டின் எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும். அதனால் தானியத்தை முன்கூட்டியே சல்லடையில் தடித்தது, மெலிந்தது என்று பிரித்து, தனித்தனியாக ஓட்டுவதே என் வழக்கம். மெலிந்த மணிக்கு எடை குறைவு, அதே வேகத்தில் அதற்கு அடி போதாது. எனவே இரண்டு தடம் உள்ள புல்லி வைக்கிறேன். மெலிந்ததை ஓட்டும்போது பெல்ட்டைத் தட்டின் வேகம் கூடும் தடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். திருவண்ணாமலைப் பக்கம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்தின் புது ரகங்களையும் விவசாயிகள் இப்போது விதைக்கிறார்கள். பழைய நாட்டு ரகத்துக்கு வைத்த அமைப்பு புது ரகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ரகம் மாறினால் எவர்சில்வர் தட்டும் தராசும் மறுபடி வெளியே வர வேண்டும்.

இத்தனையும் பட்டறையில் சரியாக வந்துவிடும். மலையில் வராது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் சிங்கிள் பேஸ் கரண்ட் தளர்ந்துபோகும், பாரம் ஏறினதும் மோட்டார் சூடாகித் திணறும், பெல்ட் வழுக்கும். மோட்டார் பட்டயத்தில் 1440 என்று பொறித்திருப்பதை நம்பிக் கணக்குப் போட்டவருக்குத் தட்டு எந்த வேகத்தில் சுற்றுகிறது என்றே தெரியாது. டேக்கோமீட்டரைத் தட்டின் ஷாஃப்டில் வைக்க வேண்டும், அதுவும் தானியம் விழுந்துகொண்டிருக்கும்போது. என் சோதனையின் கடைசிக் கட்டம் எப்போதும் மலையில்தான், மாலை நேரத்தில்தான்.

கரும்புக்கு வருகிறேன். நீடித்த நவீனக் கரும்பு சாகுபடி வந்த பிறகு கரணையாக நடுவதற்குப் பதில் கணுவிலுள்ள பருவை மட்டும் சீவியெடுத்து, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி, நிழல்வலைக் குடிலில் நாற்றாக்கி நடுகிறார்கள். பழைய முறையில் ஏக்கருக்கு டன் கணக்கில் கரும்பை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். இதில் பருவை எடுத்த பிறகு மிச்சக் கரும்பு ஆலைக்கே போகலாம். அரைவட்டக் கத்தியும் நெம்புகோலும் கொண்ட சின்னக் கருவிதான் பரு சீவுவது. அதற்கும் அதே கேள்வி வரும்: மணிக்கு எத்தனை பரு? நான் வெட்டுவாயைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். பருவைச் சுற்றியுள்ள வேர் வளையம் முழுதாக வந்திருக்கிறதா, நார் கிழிந்திருக்கிறதா, பருவின் அடியில் விரிசல் விட்டிருக்கிறதா என்று. விரிசல் விட்ட சீவல் குழித்தட்டில் அழுகும். கத்தியின் சரிவு ஒரு பாகை மாறினாலும் அதன் தீர்ப்பு பட்டறையில் வராது. தட்டுகளை அடுக்கி, பாலித்தீன் போர்த்தி மூட்டம் போட்டு, பிரித்து நிழல்வலைக்குள் வரிசையாக வைத்த பிறகுதான் எத்தனை குழி காலி என்று எண்ண முடியும். கோ 86032 ரகம் ஒரு மாதிரி வெட்டுப்படும், கணு தடித்த ரகம் வேறு மாதிரி. குடிலுக்குள் குனிந்து காலிக் குழிகளை எண்ணுகிற வேலையை நான் யாரிடமும் ஒப்படைப்பதில்லை.

மரவள்ளிக்கு அதிகம் சொல்ல வேண்டாம். டிராக்டரில் பூட்டும் கிழங்கு பிடுங்கும் கலப்பையில் எல்லோரும் பார்ப்பது, ஏக்கர் முடிய எவ்வளவு நேரம் என்பதை. நான் அது போன பிறகு மண்வெட்டியோடு பின்னால் நடப்பேன். மண்ணுக்குள் தங்கிய முனைகளைத் தோண்டி எடுத்து நிறுப்பேன். வெட்டுப்பட்ட கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும், ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்து பாயின்ட் பார்க்கும்போது விலையில் அடிபடும். ஒரு வாரத்துக்கு முன் நனைந்த செம்மண்ணில் செய்ததை அதே கொழு காய்ந்த செம்மண்ணில் செய்யாது.

மத்திய அரசுக்குப் பண்ணை இயந்திரச் சோதனை நிலையங்கள் இருக்கின்றன, மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும் ஆந்திராவில் கார்லதின்னேயிலும். தரமான அளவுகோல், முறையான அறிக்கை உண்டு; அதிர்வு, சத்தம், பாதுகாப்பு எல்லாம் அங்கே அளக்கப்படும். அவசியமான வேலை, அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனாலும் அறிக்கையில் இடம்பெறாத ஒருத்தரை நான் எப்போதும் சோதனைக்குக் கூப்பிடுகிறேன். அந்தக் கருவியைத் தினமும் ஓட்டப் போகிறவர். சாமை இயந்திரத்துக்கு அது பெரும்பாலும் பெண்கள் குழு. வெள்ளிமலைப் பக்கம் ஓர் அம்மா இயந்திரத்தைச் சுற்றி வந்து, தானியம் கொட்டும் தொட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அரிசி நல்லாத்தான் வருது. இதுல மூட்டையக் கொட்ட யாரு ஏறுவா?"

தொட்டி என் தோள் உயரத்துக்கு இருந்தது, மேலிருந்து விழுந்தால் தானியம் தானாக இறங்கும் என்ற கணக்கில். அந்தக் கேள்விக்குப் பிறகு தொட்டி இடுப்புக்குக் கீழே வந்தது. அங்கிருந்து தானியத்தைத் தட்டுக்கு ஏற்ற ஒரு சின்ன வாளி ஏற்றி சேர்ந்தது. பேரிங் இரண்டு கூடின, விலையும் கூடியது. மணிக்கு எத்தனை கிலோ என்ற எண் ஒரு கிராம்கூட மாறவில்லை. ஆனால் அந்தக் குழு இயந்திரத்தை ஆம்பளை ஆள் வரும்வரை காத்திருக்காமல் ஓட்டுகிறது. அந்த அம்மாவே முறத்தில் ஒரு கை அரிசியை எடுத்துக் கொழித்துப் பார்த்துவிட்டுக் காற்றுக் கதவைத் திருகிக்கொள்கிறார். என் தட்டும் தராசும் சொல்வதற்கும் அவர் முறம் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

இப்போது கையிலிருப்பது தூசி. உமி பிரியும்போது கிளம்பும் நுண்தூசி புளோயரில் முழுசாகப் போவதில்லை, ஓட்டுகிறவர் மூக்குக்கும் கண்ணுக்கும் வருகிறது. துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் புழுக்கமும் தூசியும் சேர்ந்த மூடிய கொட்டகையில் நாள் முழுக்கத் துணி கட்டி நிற்க முடியாது. உமி வாய்க்குப் பின்னால் தகரத்தில் ஒரு சுழல்கூம்பு வைத்துத் தூசியைச் சாக்குக்குள் இறக்கப் பார்க்கிறோம். கூம்பு வைத்ததும் புளோயருக்கு எதிர்ப்பு கூடுகிறது, இழுவை குறைந்து அரிசியில் உமி தங்குகிறது. புளோயர் இதழின் அகலத்தைக் கூட்டினால் மோட்டார் பெரிதாக வேண்டும். பெரிய மோட்டாரை மலையின் மாலைக் கரண்ட் தாங்காது. கூம்பின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கி, ஒவ்வொரு அகலத்துக்கும் சாக்கில் விழுந்ததையும் குண்டானில் படிந்ததையும் நிறுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த புதுச் சாமை களத்துக்கு வருவதற்குள் ஒரு முடிவு தெரிந்துவிடும்.