படத்தில் ஒன்றுமில்லை

உம்மாவின் கைகள் இரண்டு பழுப்பு நிற உறைகளில் என்னிடம் இருக்கின்றன. ஒன்று 1988ஆம் ஆண்டு எடுத்தது. மற்றது 1996இல். வீட்டு உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், வாப்பாவின் பென்சன் கடிதங்கள் என்று அலுமாரியின் மேல் தட்டில் கிடந்தவற்றோடு அவையும் கிடந்தன. உம்மா மௌத்தாகி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவரது முகத்தைத் தெளிவாகக் காட்டும் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அடையாள அட்டைக்காக எடுத்தது ஒன்றுண்டு. அதில் அவர் யாரோ போலிருப்பார். கை எலும்புகள் மட்டும் ஒன்று விடாமல் பத்திரமாக இருக்கின்றன.

எங்களூர் ஏறாவூர். உம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பாயைக் கொண்டுதான் தெரியும். பன்னைக் காயவைத்து, சாயம் போட்டு, பிரித்து, முற்றத்து நிழலில் இருந்து இழைப்பார். கல்யாண வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி வைப்பார்கள். நான் பயிற்சிக் கலாசாலை போய் வந்த பஸ் காசு அந்த விரல்களிலிருந்து வந்ததுதான்.

1987இன் கடைசியில் அந்த விரல்கள் மக்கர் பண்ணத் தொடங்கின. சுபஹுக்கு எழும்பினால் கை மடங்காது. ஒளு எடுக்கத் தண்ணீர் அள்ளக் கிணற்றுக் கயிற்றைப் பிடிக்க முடியாமல் என்னைக் கூப்பிடுவார். பத்துமணி போலானால் கொஞ்சம் இளகும். பின்னேரம் பழையபடி பாயில் குந்திவிடுவார். இதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. "காலையில அடுப்படிக்கு வராத கை, பின்னேரம் பாய் இழைக்க மட்டும் வருகுதாக்கும்" என்று மாமி ஒருநாள் எல்லோரும் கேட்கச் சொன்னார். உம்மா பதில் சொல்லவில்லை. காலையில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக விறைத்துக் கிடப்பதும் அசைய அசைய இளகுவதும்தான் இந்த நோயின் கையெழுத்து என்பது அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விஞ்ஞான ஆசிரியையாகப் புதிதாக நியமனம் பெற்றிருந்த எனக்கும் தெரியாது.

பரியாரியாரின் எண்ணெய் பலிக்கவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்றே எடுத்தார்கள். டொக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படத்தில் ஒன்றுமில்லை, வாதக்குணம்தான்" என்று நோவுக்கு வில்லை எழுதித் தந்தார். உம்மாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது.

பஸ்ஸில் வரும்போது நான் சொன்னேன்: "படத்துல ஒண்டுமில்லயாம் உம்மா. நீங்க சும்மா மனசப் போட்டு அலட்டாதீங்க."

"அப்ப நோகுறது என்ட கை இல்லயா மகள்?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருடங்களாக எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

படம் பொய் சொல்லவில்லை. அது காட்டக்கூடியதைக் காட்டியது. எக்ஸ் கதிர்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிய நான் அதை யோசித்துப் பார்த்ததில்லை. ஜேர்மனியில் றொன்ஜன் அந்தக் கதிர்களை 1895 நவம்பரில் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும், ஒரு விரலில் கறுத்த வளையமாக அவர் போட்டிருந்த மோதிரமும் தெரிகிற அந்தப் படம் உலகமெல்லாம் பிரசித்தம். கல்சியம் செறிந்த எலும்பு கதிரை மறிக்கும். தசையும் தோலும் விட்டுவிடும். ஆகவே படம் என்பது அடிப்படையில் எலும்பின் நிழல்.

உம்மாவின் நோயோ எலும்பில் தொடங்குவதல்ல. ருமற்றொயிட் ஆத்திரைற்றிஸ் என்கிற முடக்குவாதத்தில், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, பிறகுதான் பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. அரித்தது எக்ஸ்றேயில் தெரிய மாதங்களாகலாம், வருடங்களுமாகலாம். குருத்தெலும்பு படத்தில் விழுவதேயில்லை. இரண்டு எலும்புகளுக்கிடையிலுள்ள கறுப்பு இடைவெளி ஒடுங்கும்போதுதான் அது தேய்ந்துவிட்டதென்று ஊகிக்கிறோம். வீடு எரிவதை விட்டுவிட்டு, எரிந்து முடிந்த சுவரைப் படமெடுப்பது போலத்தான்.

1990 ஆகஸ்டில் எங்களூரில் என்ன நடந்ததென்று இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு கைநோவு என்று பாதையில் இறங்க யாருக்கும் மனமில்லை. மௌத்து வீடுகளுக்கு நடுவில் விரல் வீங்கியிருக்கிறதென்று சொல்ல உம்மாவுக்கும் வெட்கமாக இருந்திருக்கும். கடையில் வாங்கும் வில்லையோடு ஆறு வருடம் போயிற்று. 1996இல் இரண்டாவது படம் எடுத்தபோது மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழறவில்லை. மொளி அவ்வளவுக்கு வீங்கியிருந்தது. மோதிரத்தோடேயே எடுத்தார்கள். மொளிகளின் ஓரங்கள் எலி கடித்தது போல. மணிக்கட்டில் எலும்புகள் ஒன்றோடொன்று அப்பிப் போயிருந்தன. விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. "இப்ப படத்துல இருக்குதா மகள்?" என்று உம்மா கேட்டார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

2016இல் என் முறை வந்தது. சோக் கட்டியைப் பிடிக்க முடியவில்லை. காலையில் விரல்கள் வேறு யாருடையதோ போலிருந்தன. இந்த நோய் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது, தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பும் கூட என்பதை அப்போதைக்குப் படித்து வைத்திருந்தேன். கொழும்பில் ஒரு வாதநோய் நிபுணரிடம் போனேன். சிங்களப் பெண்மணி, என்னிலும் இளையவர். வணக்கம் சொல்லக் கையைப் பிடிப்பது போலப் பிடித்து, மொளிகளைக் குறுக்காக மெல்ல நெரித்தார். நான் கத்திவிட்டேன். எக்ஸ்றே வேண்டுமென்றார். கைகளோடு பாதங்களையும் எழுதியிருந்தார். பாதம் நோகவில்லையே என்றேன். கையில் தெரிவதற்கு முன்பே சின்னக் கால்விரலின் அடிமூட்டில் அரிப்புத் தெரிவதுண்டு, நோகாத இடத்தையும் பார்க்க வேண்டுமென்றார். கைப்படத்தில் ஒன்றுமில்லை. வலது சின்னக் கால்விரலின் அடியில், அரிசி நுனியளவில் ஒரு கடி.

பிறகு அவரே ஸ்கேன் கருவியின் முன்னால் இருத்தினார். குளிர்ந்த களியை விரலில் பூசி, கருவியின் முனையை வைத்தார். அல்ட்ராசவுண்ட் என்பதை எங்கள் பாடப்புத்தகங்கள் கழியொலி என்று சொல்லும். காதுக்கு எட்டாத ஒலி. அது எலும்பில் பட்டுத் திரும்பி வெள்ளைக் கோடாக விழுந்தது. கோட்டுக்கு மேலே சாம்பலும் கறுப்புமாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. அதுதான் தடித்த சவ்வு என்றார். ஒரு பொத்தானை அமுக்கினார். அந்தச் சாம்பலுக்குள் செம்மஞ்சள் புள்ளிகள் மினுங்கின. அணைந்து, மறுபடி மினுங்கின.

"பவர் டொப்ளர்" என்றார்.

எங்கள் ஊருக்குள்ளால் மட்டக்களப்பு ரயில் போகும். ஒஸ்திரிய நாட்டு டொப்ளர் 1842இல் சொன்ன விளைவை முப்பது வருடமாக அந்த ரயிலின் ஹோர்னைக் கொண்டுதான் நான் படிப்பித்தேன். கிட்ட வரும்போது கீச்சென்றும் தூரப் போகும்போது கனத்தும் கேட்கிறதல்லவா, அது. இங்கே ரயிலுக்குப் பதில் என் சிவப்பணுக்கள் ஓடின. அவை திருப்பியனுப்பும் ஒலியின் மாற்றத்தைத்தான் கருவி நிறமாக்கிக்கொண்டிருந்தது. ஆரோக்கியமான விரல் மூட்டில் இந்த நிறம் அனேகமாகத் தெரியாது. புதுக் குழாய்கள் முளைத்து அழற்சி கொதிக்கும் இடத்தில்தான் தெரியும். டொக்டர் முனையைப் பாரமில்லாமல், தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தார். ஏனென்று கேட்டேன். கொஞ்சம் அழுத்தினாலும் இந்த நுண்ணிய குழாய்கள் நசுங்கி, இரத்தம் நின்று, நிறம் மறைந்துவிடும், பார்ப்பவர் ஒன்றுமில்லையென்று எழுதிவிடுவார் என்றார். காட்டுவதற்காக அழுத்தியும் காட்டினார். திரை இருண்டது. விட்டதும் மறுபடி பற்றிக்கொண்டது.

எனக்கு அழுகை வந்தது. டொக்டர் என் விரலுக்காக அழுகிறேனென்று நினைத்து ஆறுதல் சொன்னார். ஒரே வாரத்தில் கைப்படம் ஒன்றுமில்லை என்றது. இந்தத் திரை இதோ என்றது.

கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கும் மெதோட்ரெக்ஸேற் வில்லை தொடங்கினார்கள். தினமும் குடித்துவிடக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று தாதி மூன்று தரம் சொல்லியனுப்பினார். ஆறு மாதத்தில் காலை விறைப்பு போயிற்று. அல்ஹம்துலில்லாஹ், நான் சோக் பிடித்தே ஓய்வு பெற்றேன்.

இந்த இடத்தில் எனக்குப் படத்தின் மேல் மோகம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஸ்கேன் கேட்டேன். ஒருமுறை டொக்டர் மறுத்தார். வீக்கமில்லை, நெரித்தால் நோகவில்லை, இரத்தப் பரிசோதனை நல்லது, பின்னே எதற்கு என்றார். எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நோர்வேயில் இருநூறுக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகளை இரண்டு குழுவாக்கி இரண்டு வருடம் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் பார்த்து மருந்தை ஏற்றினார்கள். மற்றக் குழுவை டொக்டரின் கையும் நோயாளியின் சொல்லும் இரத்தமும் மட்டும் வழிநடத்தின. முடிவில் இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒன்றே. ஸ்கேன் பார்த்தவர்கள் கூடுதல் மருந்து குடித்ததுதான் மிச்சம். சந்தேகம் வரும் இடத்தில் ஸ்கேனுக்கு நிகரில்லை. சந்தேகமில்லாத இடத்தில் அது சும்மா மினுங்கும் ஒரு திரைதான். நான் முதலில் உம்மாவின் சொல்லைவிடப் படத்தை நம்பினேன். பிறகு என் சொந்தக் கையைவிடப் படத்தை நம்பப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சியின் மகன் ஒருவன். இருபத்து மூன்று வயது. விடியப் புறத்தில் நாரி உளைவு தாளாமல் எழும்பி நடப்பான். கிரிக்கெட் விளையாடினால் சுகம், படுத்தால் மோசம். எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை. இரவிரவாகப் போன் பார்ப்பதுதான் காரணமென்று அவன் வாப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எந்தப் படத்துல ஒண்டுமில்ல?" என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முள்ளந்தண்டை இறுக்கும் வாத நோய்க்கு 1984இன் அளவுகோல் எக்ஸ்றேயில் இடுப்பு மூட்டுக் கெட்டிருக்க வேண்டுமென்று கேட்டது. அப்படித் தெரிவதற்குள் இளம்பிள்ளைகளுக்கு வருடக் கணக்கில் போய்விடும். 2009இல்தான் எம்.ஆர்.ஐ. படத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அது காந்தப்புலத்தில் உடம்பின் நீரைப் படிக்கிறது. எலும்புக்குள் நீர் கோத்தால் வெள்ளையாகக் காட்டும். பல மாதம் காத்திருந்து எடுத்தோம். இரு பக்கமும் வெள்ளை. அதையும் வைத்து மட்டும் டொக்டர் முடிவு கட்டவில்லை. ஓட்டக்காரர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும்கூட அந்த வெள்ளை தெரிவதுண்டாம். அவன் எத்தனை மணிக்கு எழும்புகிறான், எழும்பி என்ன செய்கிறான் என்று நெடுநேரம் கேட்டார். ஒருவர் அவன் சொல்வதை முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று தங்கச்சி சொன்னாள். இப்போது மருந்தில் இருக்கிறான்; மச்சானும் போன் கதையை விட்டுவிட்டார்.

போன வருடம் உம்மாவின் உறைகளைக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். டொக்டர் 1988இன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். மொளிகளைச் சுற்றித் தசை நிழல் கொஞ்சம் உப்பியிருப்பதைக் காட்டினார். மூட்டை ஒட்டிய எலும்பு முனைகள் நடுவெலும்பைவிட ஒரு மங்கல் கூடக் கறுத்திருந்தன. "முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதால் எனக்குத் தெரிகிறது. அந்த நாளில் இந்த ஒரு படத்தோடு நானும் ஒன்றுமில்லையென்றுதான் சொல்லியிருப்பேன்" என்றார். 1987இல் அமெரிக்க நிபுணர்கள் வகுத்த அளவுகோலில்கூட எக்ஸ்றே மாற்றம் ஏழு நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. 2010இல் அமெரிக்கரும் ஐரோப்பியரும் சேர்ந்து புதிதாக எழுதியபோது எலும்பு அரிபடக் காத்திருக்காமல் வீங்கிய மூட்டுகளையும், இரத்தத்தையும், ஆறு கிழமை என்ற காலத்தையும் எண்ணச் சொன்னார்கள். டொக்டர் சொன்னது நியாயம்தான். ஆனால் பஸ்ஸில் உம்மாவின் பக்கத்தில் இருந்தது அந்த டொக்டர் அல்ல, நான்.

இரண்டாவது படத்தில் டொக்டரின் கண் மோதிரத்தில் நின்றது. இது ஏன் கழற்றவில்லை என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வருடம் தட்டாரைக் கூப்பிட்டு அதை வெட்டித்தான் எடுத்தோம். உம்மா கையை நீட்டிக்கொண்டு மறுபக்கம் பார்த்திருந்தார். உருக்கி வேறு செய்து தரவா என்று தட்டார் கேட்டதற்கு வேண்டாமென்றார். வாய் பிளந்த அந்த மோதிரம் 1996இன் உறைக்குள்ளேயே கிடக்கிறது. படத்தை வெளியே எடுக்கும்போதெல்லாம் முதலில் அதுதான் உருண்டு விழும்.